காந்தப் பாயா, கம்பிப் பாயா?

கேள்வி: திருவாரூர் வாசகர், ஜூன் 14, இரவு 9.10

சூரியக் காற்று விநாடிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது. எல்லாம் மின்னூட்டம் உள்ள துகள்கள். காந்தம் அவற்றைத் திருப்பும். அப்படியானால் விண்கலத்தில் நல்ல நியோடிமியம் காந்தம் ஒன்றைக் கட்டினாலே போதும், பாய்மரப் படகைப் போலக் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும், எரிபொருளே வேண்டாம் என்பது என் வாதம். இதை ஏன் யாரும் செய்யவில்லை?

ஜூன் 14, இரவு 10.35

வேகம் சரி தம்பி, அடர்த்தியைக் கணக்கில் எடுக்கவில்லை. பூமி இருக்கும் தூரத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஐந்தாறு புரோட்டான்தான். கூட வரும் ஹீலியத்தையும் சேர்த்தால் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 2 நானோபாஸ்கல். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஒரு சதுர கிலோமீட்டர் என்பது 37 வேலி நிலம். அந்த 37 வேலியின் மீதும் மோதும் சூரியக் காற்றை முழுக்கத் தடுத்து நிறுத்தினால் கிடைக்கும் தள்ளுவிசை 2 மில்லிநியூட்டன். பத்து நெல்மணியின் எடை.

இதே இடத்தில் வெறும் சூரிய ஒளியின் அழுத்தம், முழுதாகத் திருப்பி அடிக்கும் பாய்க்கு, 9 மைக்ரோபாஸ்கல். காற்றைவிட ஒளி 4,500 மடங்கு பலம். 2010-ல் ஜப்பான் அனுப்பிய இகாரோஸ் ஒளிப் பாயில்தான் ஓடியது. காற்றுப் பாய்க்கு ஒரே ஒரு வழிதான் உண்டு: பரப்பை எடையில்லாமல் பெருக்க வேண்டும். துணிக்குப் பதில் காந்தப்புலமோ மின்புலமோ. கேள்வியின் வேர் நல்லது, காந்தம்தான் தவறு.

ஜூன் 14, இரவு 11.20

அந்த நியோடிமியத்தையே போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ காந்தத்தின் திருப்புத்திறன், அதாவது காந்த வலிமையின் அளவு, சுமார் 140 ஆம்பியர் சதுர மீட்டர். காற்றைத் தடுக்கும் எல்லையில் காந்தப்புலம் சுமார் 50 நானோடெஸ்லா இருந்தாக வேண்டும். (தஞ்சாவூரில் நம்மைச் சுற்றி இருக்கும் பூமியின் புலம் 40,000 நானோடெஸ்லா அளவு, கிட்டத்தட்ட கிடைமட்டமாக.) காந்தத்திலிருந்து விலக விலக, புலம் தூரத்தின் கனத்துக்கு ஏற்பக் குறைகிறது (தூரம் இரண்டு மடங்கானால் புலம் எட்டில் ஒன்று). ஆக 50 நானோடெஸ்லா கிடைப்பது ஆறரை மீட்டர் தூரம் வரைக்கும். 133 சதுர மீட்டர் வட்டம், 0.27 மைக்ரோநியூட்டன்.

காந்தத்தைப் பெரிதாக்கினால் இன்னும் மோசம். எடையை 1,000 மடங்கு ஆக்கினால் ஆரம் 10 மடங்கு, பரப்பு 100 மடங்கு. கலத்தின் முடுக்கம் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும்.

ஜூன் 15, காலை 6.50

விட்டுப்போன ஒன்று. பூமிக்குப் பக்கத்தில் இந்தக் காற்று வீசுவதே இல்லை. பூமியின் காந்தக் குமிழி பகல் பக்கம் ஏறக்குறைய 65,000 கிலோமீட்டர் வரை காற்றை ஒதுக்கி வைத்திருக்கிறது. தாழ்வட்டப் பாதையில் பாய் விரிப்பது கதவைச் சாத்திவிட்டு நெல் தூற்றுவது போல. ஆதித்யா-எல்1 காற்றை அளக்க 15 லட்சம் கிலோமீட்டர் போய் நிற்பதற்கு இதுவும் காரணம்.

ஜூன் 15, பகல் 1.15

மன்னார்குடியில் மோட்டார் ரீவைண்டிங் செய்யும் அண்ணன் கேட்டிருக்கிறார்: "காந்தம் வேண்டாம், செம்புக் கம்பியைப் பெரிய வளையமாகச் சுற்றினால்?" சரியான திசை. வளையம் பெரிதானால் புலம் அகலத்துக்குப் பரவும், தூரத்தின் கனம் என்ற தண்டனை கிடையாது.

30 கிலோமீட்டர் ஆரமுள்ள ஒற்றைச் சுற்று என்று வைப்போம். நடுவில் 50 நானோடெஸ்லா கிடைக்க 2,400 ஆம்பியர் போதும். கம்பி நீளம் 188 கிலோமீட்டர். வெற்றிடத்தில் காற்றும் இல்லை, சப்மெர்சிபிளுக்குக் கிடைப்பது போல் சுற்றி நிற்கும் தண்ணீரும் இல்லை. அதனால் சதுர மில்லிமீட்டருக்கு 3 ஆம்பியருக்கு மேல் ஏற்ற மனம் வராது. 800 சதுர மில்லிமீட்டர் செம்பு என்றால் எடை 1,350 டன், சூடாகவே வீணாகும் மின்சாரம் 23 மெகாவாட். தள்ளுவிசையோ 5.7 நியூட்டன். அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட.

அண்ணே, செம்பு இங்கே நிற்காது. மீக்கடத்தி வேண்டும், கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்.

ஜூன் 15, இரவு 9.40

மீக்கடத்தி வளையம் என்ற யோசனையை முறையாக எழுதியவர்கள் ராபர்ட் சுப்ரினும் டேனா ஆண்ட்ரூஸும், 1980-களின் கடைசியில். வந்த வழி அழகானது. விண்மீன்களுக்கு இடையிலுள்ள ஹைட்ரஜனைக் காந்தப் புனலால் அள்ளி எரித்து ஓடலாம் என்று 1960-ல் ராபர்ட் பஸ்ஸார்ட் சொன்னார். அந்தப் புனலைக் கணக்குப் போட்டால், எரிப்பதால் வரும் உந்தலைவிடப் புனலில் வரும் இழுவை அதிகம். இழுவைதான் மிஞ்சுகிறது என்றால் அதையே பாயாக்கலாமே என்று திருப்பிப் போட்டார்கள்.

நம் வளையத்துக்கு அதைப் பொருத்துவோம். இன்று கடையில் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் அகல உயர்வெப்ப மீக்கடத்தி நாடா, 77 கெல்வினில் (மைனஸ் 196 டிகிரி செல்சியஸ்), 400 ஆம்பியர் அளவு தாங்கும். மீட்டருக்குப் பத்து கிராம் எடை. 2,400 ஆம்பியருக்கு ஆறு நாடா, மொத்தம் 11 டன். 1,350 எங்கே, 11 எங்கே!

இதில் ரொம்பப் பிடித்த எண் ஒன்று உண்டு. இத்தனை பெரிய வளையத்தில் தேங்கும் மொத்த ஆற்றல் 1.7 மெகாஜூல், அதாவது அரை யூனிட்டுக்கும் குறைவு. ஒரு கிலோவாட் சூரியப் பலகை அரை மணி நேரத்தில் ஏற்றிவிடும். அதன்பின் மின்னோட்டம் தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். விரிப்பதற்கும் தனிச் சட்டம் வேண்டாம். ஓடும் மின்னோட்டமே வளையத்தை வெளியே தள்ளி வட்டமாக்கும். நாடாவில் விழும் இழுவிசை 10 நியூட்டன்தான், ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்ட மாதிரி.

ஜூன் 16, காலை 7.05

நேற்றைய மகிழ்ச்சிக்கு ஒரு தடை. 77 கெல்வினுக்கு நாடாவை யார் குளிர்விப்பது? பூமித் தூரத்தில், வெயிலில் கிடக்கும் சாதாரணக் கம்பி தானாக நிலைகொள்வது 296 கெல்வினில், அதாவது 23 டிகிரி செல்சியஸ். வெண்பூச்சு மட்டும் பூசி 77-க்கு இறக்க வேண்டுமானால், அந்தப் பூச்சு வெயிலை உறிஞ்சும் திறன் வெப்பத்தை உமிழும் திறனில் 200-ல் ஒரு பங்காக இருக்க வேண்டும். அப்படிப் பூச்சு இல்லை. 188 கிலோமீட்டருக்கும் வெயில் பக்கம் தட்டி கட்டி, அந்தத் தட்டி எப்போதும் சூரியனைப் பார்க்கும்படி முறுக்கில்லாமல் வைக்க வேண்டும்.

தட்டி இல்லாமல் தானாக 77 கெல்வின் வருவது சூரிய-பூமித் தூரத்தைப் போல 15 மடங்கு தள்ளி. சனியைத் தாண்டி, யுரேனஸுக்கு முன்னால். அங்கே காற்றின் அழுத்தம் 200-ல் ஒரு பங்குக்கும் கீழே.

ஓரிடம் சூடேறி மீக்கடத்தல் போய்விட்டால் என்ன ஆகும் என்றும் கேட்டார்கள். இந்த வகை நாடாவில் சூடான பகுதி விநாடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில்தான் பரவும். ஆகவே வளையம் முழுவதும் பகிர்ந்துகொள்ள வேண்டிய 1.7 மெகாஜூல், ஒரு முழத்துக்குள் இறங்கி அந்த இடத்தை உருக்கிவிடும்.

ஜூன் 17, இரவு 10.10. முக்கியத் திருத்தம்

கும்பகோணத்திலிருந்து இயற்பியல் ஆசிரியர் ஒருவர் கேட்ட ஒற்றை வரிக் கேள்வி, மேலே கொடுத்த 5.7 நியூட்டனைச் சாய்த்துவிட்டது. "50 நானோடெஸ்லாவில் புரோட்டான் எத்தனை பெரிய வட்டம் போடும் ஐயா?"

83 கிலோமீட்டர் ஆரம். நம் வளையத்தின் காந்தக் குமிழியோ 30 கிலோமீட்டர். புரோட்டான் திரும்பத் தொடங்குவதற்குள் குமிழியைக் கடந்து மறுபக்கம் போய்விடும். அழுத்தச் சமன்பாடு போட்டது, காற்றைத் தண்ணீர் போல் தொடர்ச்சியான பாய்மம் என்று எடுத்துக்கொண்டு. குமிழி சில நூறு கிலோமீட்டர் இருந்தால்தான் அது செல்லும்.

களத்தில் நெல் தூற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். முறத்திலிருந்து இரண்டும் ஒன்றாகத்தான் விழுகின்றன, பதர் காற்றோடு விலகும், மணி நேரே இறங்கும். இங்கே எலக்ட்ரான் பதர், புரோட்டான் மணி. எடை 1,836 மடங்கு வித்தியாசம். எலக்ட்ரான் சில நூறு மீட்டருக்குள் வளைந்து திரும்பிவிடும், புரோட்டான் உள்ளே பாயும். ஆனால் நெல்லில் இல்லாத ஒன்று இங்கே உண்டு: பிரிந்த இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். பின்தங்கிய எலக்ட்ரான் கூட்டம் முன்னேறிய புரோட்டானைப் பின்னால் இழுக்க, அந்த மின்புலம் வழியாகக் கொஞ்சம் தள்ளுவிசை வளையத்துக்கு வந்து சேரும். ஆகவே பூஜ்யம் இல்லை. ஆனால் 5.7 என்பது மேல்வரம்பு, கைக்கு வருவது அதில் ஒரு பகுதி.

ஆரத்தை 300 கிலோமீட்டர் ஆக்கினால் தீரும். அப்போது 24,000 ஆம்பியர், 1,885 கிலோமீட்டர் நீளம், எடை 100 மடங்கு ஏறி 1,100 டன், விசை 570 நியூட்டன். எடைக்கு விசை அதே விகிதம்தான். காந்தப் பாய் சின்னதாக ஓடாது, ஓட வேண்டுமானால் ஒரு மாநிலத்தின் அளவுக்கு விரிய வேண்டும். திருவாரூர்த் தம்பிக்கு உண்மையான பதில் இது, முதல் நாள் சொன்ன அடர்த்திக் கணக்கு அல்ல.

ஜூன் 18, மாலை 6.30

"குமிழியைப் பிளாஸ்மா ஊதிப் பெரிதாக்கலாமே" என்று இருவர். ஆம், அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் விங்லீ 2000-ல் முன்வைத்தது அதுதான். சின்னக் காந்தச் சுருள், அதன் நடுவே கொஞ்சம் வாயுவை அயனியாக்கி விடுவது. அயனியான அந்த வாயு, அதாவது பிளாஸ்மா, காந்தப் புலக்கோடுகளை இழுத்துக்கொண்டு விரியும், குமிழி 15, 20 கிலோமீட்டருக்கு உப்பும், சில நியூட்டன் கிடைக்கும் என்று கணக்கு. எளிய கருவி என்பதால் பெரிய ஆர்வம் எழுந்தது.

இடிக்கும் இடம் இரண்டு. முதலாவது மேலே சொன்ன அதே 83 கிலோமீட்டர். இரண்டாவது அடிப்படையானது. குமிழியின் மேல் காற்று மோதட்டும், அந்தத் தள்ளு கலத்துக்கு எந்த வழியாக வந்து சேரும்? சுருளில் ஓடும் மின்னோட்டத்தின் மீது வெளிப்புலம் செலுத்தும் விசை வழியாக மட்டும்தான். ஊதிய பிளாஸ்மா காற்றோடு அடித்துக்கொண்டு போய்விட்டால், விசையை வாங்கியது அந்தப் பிளாஸ்மா, கலம் அல்ல. பாய் எவ்வளவு உப்பினாலும் பாயையும் மரத்தையும் பிணைக்கும் கயிறு அறுந்திருந்தால் படகு நகராது என்பது நாகப்பட்டினத்தில் எல்லாருக்கும் தெரியும்.

ஜூன் 19, காலை 5.55

இனி கம்பிப் பாய். பின்லாந்து வானிலை ஆய்வு நிறுவனத்தின் பெக்கா யான்ஹுனென் 2004-ல் சொன்னது. எலக்ட்ரானை விட்டுவிட்டு நேராகப் புரோட்டானையே பிடிக்கும் வழி. மெல்லிய அலுமினியக் கம்பி, அதன் மேல் நேர் 20 கிலோவோல்ட். 400 கிலோமீட்டர் வேகப் புரோட்டானின் ஆற்றல் சுமார் 840 எலக்ட்ரான்வோல்ட், ஆகவே 20,000 வோல்ட் கம்பியை நெருங்கவே முடியாமல் விலகிப் போகும். விலகும்போது கம்பியைத் தள்ளிவிட்டுப் போகும்.

ஒரு மீட்டர் கம்பிக்கு 500 நானோநியூட்டன் என்பது கணக்கு. அதை 2 நானோபாஸ்கலால் வகுத்துப் பாருங்கள்: 250 மீட்டர். தலைமுடியைவிட மெல்லிய கம்பி 250 மீட்டர் அகலமுள்ள பாய் போல நடந்துகொள்கிறது.

கம்பியைக் கிட்டத்தில் பார்க்கலாம். 50 மைக்ரோமீட்டர் தடிமனில் ஒரு நேர்க்கம்பி. அதோடு 25 மைக்ரோமீட்டர் இழைகள் மூன்று, வளைந்து வளைந்து வந்து இடைவெளி விட்டு ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவது ஈயப் பற்று இல்லை, மீயொலி அதிர்வால் அழுத்தி இணைப்பது. விண்வெளியில் பறக்கும் நுண்கல் ஒன்று ஓர் இழையை அறுத்தாலும் மற்றவை தாங்கும். ஒரு கிலோமீட்டருக்குப் பத்து கிராம். 25 மைக்ரோமீட்டர் இழையில் ஐந்து கிராம் எடை தொங்கினால் அறுந்துவிடும் நிலை, மூச்சு பட்டாலே ஆடும்.

20 கிலோமீட்டர் கம்பி 100. மொத்தம் 2,000 கிலோமீட்டர், 20 கிலோ, 1 நியூட்டன். மீக்கடத்தி வளையத்தில் ஒரு நியூட்டனுக்கு 2,000 கிலோ. நூறு மடங்கு வித்தியாசம். கம்பியைச் சுற்றி வைக்கும் உருளை, கம்பி முனையில் கட்டும் எடை, மின்வழங்கி எல்லாம் கூடும்தான், இருந்தாலும் இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

சூரியனை விட்டு விலகும்போதும் இதுவே மேல். காற்றின் அழுத்தம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. ஆனால் மின்புலம் பரவும் அகலம் கூடிக்கொண்டே போவதால், கம்பியின் விசை தூரத்துக்கு நேராகத்தான் குறையும். இரண்டு மடங்கு தூரத்தில் ஒளிப் பாய்க்குக் கால்வாசி, கம்பிப் பாய்க்கு அரைவாசி.

ஜூன் 19, இரவு 8.45

வேதாரண்யத்திலிருந்து: "கம்பிக்குக் கம்பி இடைவெளி விட்டால் காற்று நடுவில் புகுந்து போகாதா?" கடற்கரைச் சவுக்குத் தோப்பைப் பாருங்கள். மரங்களுக்கு நடுவே இடைவெளி உண்டு, ஆனாலும் பின்னால் இருக்கும் வயலுக்கு மணல் வருவதில்லை. இங்கே ஒவ்வொரு கம்பியின் நிழலும் 250 மீட்டர்.

ஆனால் இந்தக் கேள்வி காலையில் போட்ட 1 நியூட்டனைத் திருத்த வைக்கிறது. 100 கம்பிகளும் நடுவிலிருந்து ஆரக்கால் போல் போகின்றன. முனையில் கம்பிக்குக் கம்பி 1.25 கிலோமீட்டர். நடுவை நோக்கி வர வர நெருங்கி, 4 கிலோமீட்டர் ஆரத்தில் 250 மீட்டராகிவிடும். அதற்கு உள்ளே நிழல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும், கூடுதல் கம்பியால் பயனில்லை. உள்வட்டத்தில் 0.2 என்று எண்ணியது 0.1 நியூட்டன்தான். மொத்தம் 0.9 என்று திருத்திக்கொள்ளவும்.

ஜூன் 20, பகல் 12.20

மின்சாரம் எவ்வளவு? நேர் மின்னூட்டக் கம்பி சுற்றியுள்ள எலக்ட்ரான்களை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், விட்டால் மின்னழுத்தம் இறங்கிவிடும். ஆகவே எலக்ட்ரான் துப்பாக்கி ஒன்று அவற்றை வெளியே சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 2,000 கிலோமீட்டருக்கும் சேர்த்து 17 மில்லிஆம்பியர் அளவு, 20 கிலோவோல்ட்டில் 340 வாட். ஒரு மிக்சி.

இந்த 20 கிலோவோல்ட் நமக்குப் புதிதல்ல. பழைய கலர் டிவியின் பிக்சர் டியூபில் ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மர் ஏற்றி வைத்ததும் இதே அளவுதான்.

ஜூன் 21, இரவு 9.00

இதுவரை பறந்தவற்றில் இரண்டு. எஸ்தோனியாவின் எஸ்ட்கியூப்-1 என்ற சிறு செயற்கைக்கோள், 2013 மே 7 அன்று ஏவப்பட்டது. 10 மீட்டர் கம்பி. உருளை சுழலவே இல்லை, கம்பி வெளிவரவில்லை. பின்லாந்தின் ஆல்ட்டோ-1 நம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, பி.எஸ்.எல்.வி-சி38-ல், 2017 ஜூன் 23 அன்று போனது. 100 மீட்டர் கம்பி. அதுவும் விரியவில்லை.

இயற்பியல் தோற்றதாக இதைப் படிக்கக் கூடாது. இரண்டிலும் கம்பி வெளியே வராததால் இயற்பியலுக்குச் சோதனையே நடக்கவில்லை, நின்றது இயந்திரப் பகுதியில். ராக்கெட் அதிர்வில் உருளையின் பிடி பிசகலாம். பல மாதம் சுற்றியே கிடந்த இழை பக்கத்து இழைக்குள் அமுங்கிச் சிக்கலாம். முனை எடையைப் பிடித்திருக்கும் பூட்டு குளிரில் திறக்காமல் நிற்கலாம். கம்பியை வெளியே இழுப்பது கலத்தின் சுழற்சி மட்டும்தான். முதல் சில சென்டிமீட்டரில் அந்த இழுவை மிகச் சிறியது, உருளையின் உராய்வு அதைவிடக் கூடினால் ஒன்றும் நகராது. வெளிவரும் வேகத்தில் சின்ன வெட்டு விழுந்தாலும் ஐந்து கிராம் வரம்பு தாண்டிவிடும்.

மன்னார்குடி அண்ணன் இதற்கு எழுதியதை அப்படியே தருகிறேன்: "சன்னக் கம்பியைச் சுத்தும்போது அடுக்கு மேல அடுக்கு குறுக்காப் போகணும். ஒரே திசையில சுத்தினா மேல் சுத்து கீழ இறங்கிடும், அவிழ்க்கும்போது அறுந்துடும்." இதற்கு மேல் சேர்க்க எதுவும் இல்லை.

ஜூன் 22, காலை 7.30

பள்ளியில் காட்ட எளிய வழி உண்டா என்றதற்கு: பழைய கறுப்பு வெள்ளை டிவி கிடைத்தால் திரைக்கு அருகில் காந்தத்தைக் கொண்டுபோங்கள், படம் வளைந்து இழுபடும். எலக்ட்ரான் திரும்புவதைக் கண்ணால் பார்க்கலாம். அதே ஆற்றலில் புரோட்டான் வந்தால் வளைவு 43-ல் ஒரு பங்குதான் என்று பக்கத்தில் எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கு ஜூன் 17 திருத்தம் முழுக்க விளங்கிவிடும். கலர் டிவி வேண்டாம், உள்ளே இருக்கும் துளைத்தகடு காந்தமேறித் திரையில் கறை நிற்கும். எந்த டிவியானாலும் பின்மூடியைக் கழற்றக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் அந்த மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

ஜூன் 23, இரவு 10.50

தம்பி கடைசியாகக் கேட்டது: "அப்படியானால் காந்தப் பாய்க்கு வேலையே இல்லையா?" உண்டு, பிரேக்காக. வேறொரு விண்மீனுக்கு ஒளிவேகத்தில் 5 சதவீதத்தில் போகும் கலத்தை நிறுத்த எரிபொருள் சுமந்து மாளாது. விண்மீன்களுக்கு இடையே ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.1 புரோட்டான் என்று வைத்தால், அந்த வேகத்தில் எதிர்ப்படும் அழுத்தம் 38 நானோபாஸ்கல், இங்கே வீசும் காற்றைப் போல 19 மடங்கு. வெயில் கிடையாது, நாடா தானாகக் குளிர்ந்திருக்கும், தட்டி வேண்டாம். ஆனால் புரோட்டான் போடும் வட்டமும் வேகத்தோடு சேர்ந்து பெருகும், ஆகவே அந்த வளையம் 300 கிலோமீட்டரில் அடங்காது.

ஜூன் 24, காலை 6.15

ஜூன் 15 கணக்கில் இன்னொரு தவறு. ஆறு நாடா, ஒவ்வொன்றும் 400 ஆம்பியர் என்று விளிம்பு வரை ஏற்றிவிட்டேன். நுண்கல் பட்டு ஒரு நாடா அறுந்தால், மற்ற ஐந்தும் 480 ஆம்பியர் சுமக்க வேண்டும், அங்கேயே மீக்கடத்தல் போய்விடும். எட்டு நாடா போட்டு, இடைக்கிடை ஒன்றோடொன்று பற்றவைக்க வேண்டும். அப்போது ஒன்று அறுந்தால் 343, ஒரே துண்டில் இரண்டு அறுந்தால்தான் 400. எடை 11 டன் அல்ல, 15 டன்.